கை உடையாத ரவுட்டர்

பெல்மதுளை சந்தியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவனிடம் வருகிற ஆட்கள் வழக்கமாகக் கேட்பது இவ்வளவுதான்: என்ன விலை, குறைக்க மாட்டீர்களா, பழுதானால் மாற்றித் தருவீர்களா. பதினோரு வருடமாக இதற்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்துபோயிருந்தது. அப்படியிருக்க, 2009ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள் புஷ்பமக்கா வந்து, கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த ரவுட்டரைக் காட்டி வேறொன்று கேட்டார்.

“தம்பி, இதுல கை ஒடையாம போகுமா?”

நான் சிரித்துவிட்டேன். “கீழ விழுந்தா பெட்டிதான் ஒடையும் அக்கா, கை ஒடையாது” என்றேன். பெரிய பகிடி விட்டதாக நினைப்பு. அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தபடி அப்படியே நின்றார். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

புஷ்பமக்கா யார் என்று பெல்மதுளையில் மிளகாய் அரைத்துச் சாப்பிட்ட யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பலாங்கொடை ரோட்டில், முதல் வளைவு தாண்டியதும் இருக்கிற அரைவை மில் அவருடையது. ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, பதினாறு வயதிலிருந்து கொழுந்து பறித்தவர். பழனியப்பன் அண்ணனைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு இறங்கினார். அண்ணன் மோட்டரைப் பார்க்க, அக்கா சாக்கைப் பார்க்க, மில் ஓடியது. 2001இல் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. ஒன்பதாம் நாள் அக்கா தானே மோட்டரைப் போட்டார். புருஷன் செத்த ஈரம் காயவில்லை, அதற்குள் பார் என்று பேசியவர்கள்கூட அன்றைக்கு மிளகாய்ப் பையோடு வரிசையில்தான் நின்றார்கள். அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தேத்தண்ணீர்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார்.

ஒரே மகன் சஞ்சீவ். பிறவியிலேயே காது கேட்காது. கைக்குழந்தையாக இருக்கும்போது மோட்டர் ஓட ஓட அதன் பக்கத்திலேயே தூங்குவானாம். எவ்வளவு நல்ல பிள்ளை, எந்தச் சத்தத்துக்கும் அழுவதில்லை என்று எட்டு மாதம் வரைக்கும் பெருமைப்பட்டார்களாம். இதைச் சொல்லும்போது அக்கா சிரிப்பார். எனக்குச் சிரிக்க வராது.

மில்லுக்குள் யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் அங்கே எல்லாருமே கொஞ்சம் கையால் பேசுகிறவர்கள்தான். தாயும் மகனும் அந்தக் கைப்பேச்சை ஒரு பாஷையாகவே வளர்த்துவிட்டார்கள். மூக்கைச் சுருக்கிக் கண்ணைத் துடைத்தால் மிளகாய். உள்ளங்கையைத் தேய்த்தால் மா. காதை இரண்டு விரலால் விரித்துக் காட்டினால் கடைக்காரன் புவாட், அதாவது நான். என் காது கொஞ்சம் பெரிதுதான், அதற்காக ஊருக்கே காட்ட வேண்டியதில்லை.

சிக்கல் எழுத்தில் வந்தது. காது கேளாத பிள்ளைகளுக்கென்று அவன் போய்ப் படிக்கக்கூடிய தூரத்தில் இருந்த ஸ்கூலில் சிங்களம் மட்டும்தான். அக்காவுக்குச் சிங்களம் பேசத் தண்ணி பட்ட பாடு, ஆனால் எழுத்து ஒன்றும் தெரியாது. தமிழ் வாசிப்பார். மகனுக்கோ தமிழில் அனாகூடத் தெரியாது. ஆக, தாய் எழுதினால் மகனுக்கு விளங்காது, மகன் எழுதினால் தாய்க்கு விளங்காது. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது கை மட்டும்தான். அந்தக் கையும் 2007இல் கட்டாருக்குப் போய்விட்டது. அங்கே ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் காது கேளாத பையன்களை எடுத்தார்கள், கூடப் படித்த நாலு பேரோடு சஞ்சீவும் போனான்.

அங்கிருந்து போனில் மெசேஜ் அனுப்புவான். சிங்களத்தை ஆங்கில எழுத்தில் அடிப்பான். அக்கா போனை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வருவார். நான் வாசித்துச் சொல்வேன்: சாப்பிட்டானாம், வெயில் கூடவாம், கைவிரல் பொத்துப்போச்சாம். அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்பார். ஒரு நாள் சொல்லியே விட்டார்: “என் புள்ள எங்கிட்ட பேசுறத நான் ஒங்க வாயால கேக்குறேன் தம்பி. ஒங்க மேல கோவம் இல்ல. ஆனா கேக்கப் புடிக்கல.”

அந்த ஜூன் மாதத்தில் ஒரு மெசேஜ் வந்தது. ‘அம்மா, மம என்னத இன்னத?’ ஆங்கில எழுத்தில் அவன் அடித்திருந்ததைத் தமிழ்க் கண்ணால் பார்த்தால், அம்மா, மாமா, என்னடா என்று இருக்கும். என்ன இவன், தாயைப் போய் அடா போடுகிறான் என்று ஒரு நொடி நானே முழித்தேன். பிறகுதான் சிங்களமாக வாசித்தேன். சிங்களத்தில் ‘என்ன’ என்றால் வா. ‘இன்ன’ என்றால் இரு. ஆங்கில எழுத்தில் இரண்டுக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அவன் கேட்டது இது: அம்மா, நான் வரவா, இருக்கவா? இரண்டு வருட ஒப்பந்தம் முடிகிறது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம்.

“என்ன அடிக்கட்டும் அக்கா?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் அடிக்காதீங்க. இத நான் கையாலதான் சொல்லணும்.”

அக்காவின் தம்பி அழகமுத்து மில்லில் சாக்குத் தூக்குகிறவர். அவருக்கு மருமகன் கட்டாரிலேயே இருக்க வேண்டும். “இங்க வந்து மிளகாத் தூள் அள்ளப் போறானா? இருக்கட்டும்க்கா அங்கயே” என்று நாள் முழுக்க ஓதிக்கொண்டிருந்தார். அக்கா அவரைத் திட்டவுமில்லை, தலையாட்டவுமில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்: “எனக்கு அவன் வேணும் தம்பி. ரெண்டு வருசமா நான் வாயால மட்டுமே பேசுறேன். பேசுன மாதிரியே இல்ல.”

டவுனில் போனும் இன்டர்நெட்டும் வாடகைக்கு விடுகிற ஒரு கொமியுனிகேஷன் கடையில் ஒரு தடவை காசு கட்டி வீடியோவில் மகனைப் பார்த்திருக்கிறார். படம் துண்டு துண்டாக வந்திருக்கிறது. கை ஓர் இடத்தில், விரல் ஓர் இடத்தில். அதுதான் கை உடைவது. போதாததற்கு, போட்டோ கொப்பி எடுக்க வந்த பத்துப் பேர் பின்னால் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். வாயால் பேசுகிறவன் குரலைத் தாழ்த்தலாம். கையால் பேசினால் பார்க்கிறவன் எல்லாம் கேட்கிறவன். ஆகவே வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டும். அதற்குத்தான் ரவுட்டர்.

“ரவுட்டர் வாங்கணும்” என்று அக்கா சொன்னதும் அழகமுத்து, “எந்த ராவுத்தர்? அவர்கிட்ட என்ன வாங்கணும்?” என்று கேட்டாராம். என் வாப்பாவைப் பஸாரில் ராவுத்தர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மௌத்தாகி அடக்கமாகி ஆறு வருடம். அதிலிருந்து அந்த வீட்டில் பெட்டிக்குப் பெயர் ராவுத்தர்தான். என்னிடமே வந்து, “ராவுத்தர் லைட்டு செவப்பா எரியுது, என்ன செய்ய?” என்பார் அழகமுத்து. என்ன செய்ய, வாப்பாவை நினைத்துக்கொள்வேன்.

டெலிபோன் லைன் மில்லுக்குள் வருகிறது. வீடு மில்லுக்குப் பின்னால், மேட்டில், முப்பத்திரண்டு படி ஏறிப் போக வேண்டும். நடுவில் தகரச் சுவர். தகரத்துக்கும் இந்தப் பெட்டிகளுக்கும் ஆகவே ஆகாது. லைனோடு சும்மா கொடுத்த பெட்டியில் வயர் மட்டும்தான், காற்றில் ஒன்றும் போகாது. ஒரே ஒரு ஆன்டெனாக் கொம்பு வைத்த ரவுட்டரைக் கொண்டுபோய்ப் பூட்டினேன், பன்னிரண்டாவது படியில் செத்துப்போனது. இரண்டு கொம்பு வைத்ததைப் பூட்டினேன், வாசல் வரைக்கும் வந்து உள்ளே வரமாட்டேன் என்றது. அக்கா என்னிடம் வாங்கிய மடிக்கணினியைத் தட்டு மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியில் ஏறுவார், இறங்குவார். நாளைக்கு நாலு தடவை, தலை முழுக்க மாவோடு, என் கடைக்கு வருவார். “இன்னும் ஒம்பது நாள்தான் தம்பி.” “இன்னும் ஏழு நாள்தான்.” எனக்கே ராத்திரிச் சோறு இறங்கவில்லை. கோபத்தில் வீட்டில் பிள்ளைகள் மேல் விழுந்தேன்.

கடைசியில் கொழும்பிலிருந்து மூன்று கொம்பு வைத்த ஒன்றை எடுப்பித்தேன். மில்லின் பின்பக்கத் தகரத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, அந்த ஓட்டைக்கு நேரே பெட்டியை வைத்தேன். வீட்டுக்குள் போய் ஒரு வீடியோவை ஓடவிட்டேன். ஒரு தடங்கல் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

“பாத்தீங்களா ஸ்பீடை” என்றேன்.

“ஸ்பீடு கீடெல்லாம் எனக்குத் தெரியாது. கை ஒடையாம போகுமா?”

“போகும் அக்கா.”

இந்த ஒரு வார்த்தைதான் நான் செய்த பாவம். அந்த லைனில் வருகிற வழி அகலம், போகிற வழி ஒற்றையடிப் பாதை. கட்டாரிலிருந்து மகனின் படம் நன்றாக வரும். இங்கிருந்து தாயின் படம் முக்கி முனகித்தான் போகும். பெட்டிக்கு மூன்று கொம்பென்ன, முப்பது கொம்பு வைத்தாலும் அது மாறாது. நான் ஓட்டிக் காட்டிய வீடியோ வந்தது, போகவில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெட்டியையும் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிடுவாரோ என்ற வியாபாரி புத்தி. சமாளித்துப் போய்விடும் என்று மனதை ஏமாற்றிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. நான் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் போய் எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தேன். சஞ்சீவின் முகம் வந்ததும் அக்கா, “நீங்க வெளிய நில்லுங்க தம்பி” என்றார். நின்றேன். நின்றேனே தவிர, ஜன்னல் திறந்துதான் இருந்தது, எனக்குக் கண்ணும் இருந்தது. அவன் கை அவ்வளவு துலக்கமாகத் தெரிந்தது, விரலில் சுற்றியிருந்த பிளாஸ்டர்கூட. வரவா, இருக்கவா என்று கேட்டான். அக்கா கையைத் தூக்கி, உள்ளங்கை கீழே பார்க்க, நாலு விரலையும் தன் பக்கம் மடக்கி மடக்கிக் காட்டினார். நம் ஊரில் யாரையும் கூப்பிடுகிற அதே வா. அவன் கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்தான். பிறகு தலையாட்டினான். பெருவிரலை உயர்த்திக் காட்டினான்.

அக்கா வெளியே வந்தபோது முகம் முழுக்க ஈரம். “வாறேன்னுட்டான் தம்பி” என்றார். என் பாவம் கழுவப்பட்ட மாதிரி இருந்தது.

சனிக்கிழமை மில்லைப் பூட்டிவிட்டு அவன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். கட்டிலை வெயிலில் போட்டார். அழகமுத்துவை மெத்தை வாங்க அனுப்பி, அவர் சந்தி தாண்டுவதற்குள் பின்னாலேயே ஓடிப்போய், வேண்டாம் நானே பார்க்கிறேன் என்று கூடப் போனார். ஒரு வேலையிலும் கை நிற்கவில்லை அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் போனோடு வந்தார். “தேதி போட்டிருக்கானான்னு பாருங்க.”

பார்த்தேன். அம்மா ‘இன்ன’ என்று சொன்னதால், என்று தொடங்கியிருந்தது. இன்ன. இரு. ஓர் எழுத்துத் தவறி அடித்திருப்பான், ‘என்ன’ என்று அடிக்கப் போனவன் என்று என் மனசு தாவிப் பிடித்தது. அடுத்த வரியில் அதற்கும் வழியில்லை. இன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இன்னும் இரண்டு வருடம், நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனைக் கீழே வைத்தேன். சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னேன்.

“நான் வான்னுதானே சொன்னேன்?” என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே அந்தக் கையைத் தூக்கினார். உள்ளங்கை முன்னால் தெரிய எழுந்தது, விரல் மடங்கியது, மறுபடி எழுந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. படத்தில் அந்தக் கை கீழே வராமல் நடுவில் நின்றுவிட்டால் அது வா அல்ல. நில், அங்கேயே இரு. மகன் பார்த்தது அந்த நின்றுபோன கையை.

அவசர அவசரமாக ‘என்ன’ என்று அடித்து அனுப்பினேன். அம்மா உன்னை வரத்தான் சொன்னார் என்றும் அடித்தேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ஒப்பந்தக் கடிதாசி மேலிடத்துக்குப் போய்விட்டதாம், இனித் திருப்ப முடியாதாம். அதற்குக் கீழே இன்னொரு வரி: புவாட் ஐயா, என் மனசு கஷ்டப்படும் என்று நீங்கள் இப்படி எழுதுகிறீர்கள். அம்மாவின் கையை நான் கண்ணால் பார்த்தேன்.

அதையும் வாசித்துக் காட்டினேன்.

“ரெண்டு வருசம் போனா போவட்டும். ஏன் அவன் ஒரு வாட்டிகூடத் திருப்பிக் கேக்கல?” என்றார். அவரே பதிலும் சொன்னார்: “வராதன்னு சொன்ன தாய்கிட்ட எவன் ரெண்டாவது வாட்டி கேப்பான்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. போகிற வழி, வருகிற வழி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?”

“ஆமாக்கா.”

செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அக்கா போனை இடுப்பில் செருகிக்கொண்டு, “வாங்க” என்று முன்னால் நடந்தார். நான் கடைக்கதவைச் சாத்தக்கூட இல்லை, பின்னால் ஓடினேன். ஓடிக்கொண்டே என் போனிலிருந்து அவனுக்கு அடித்தேன்: அம்மா உன்னைப் பார்க்க வேண்டும், இப்பவே.

மில்லில் ஏழெட்டுப் பெண்கள் பையோடு நின்றார்கள். அக்கா நேரே போய் மோட்டரை நிறுத்தினார். அரைவாசி அரைத்த மிளகாய் உள்ளேயே நின்றது. நான் கொம்பு வைத்த சனியனைக் கழற்றி எறிந்துவிட்டு, லைனோடு சும்மா வந்த பெட்டியிலிருந்து நீல வயரை, வீட்டிலிருந்து இறக்கி வந்த மடிக்கணினியில் நேரே குத்தினேன். வயர் நீளம் இரண்டு முழம். ஆக, மில்லுக்கு நடுவில்தான், எல்லார் கண்ணுக்கும் முன்னால்தான் நிற்க வேண்டும். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அக்கா, இதிலயும் போற வழி அதே வழிதான். கொஞ்சம் நல்லாப் போகும், அவ்வளவுதான். கையை ஆட்டினீங்கன்னா எங்கயாவது நிக்கும். எங்க நிக்குதோ அததான் அவன் பார்ப்பான்.”

“அப்ப ஆட்டாம எப்படிச் சொல்றது?”

அதற்குள் திரையில் சஞ்சீவ் வந்துவிட்டான். வேலை உடுப்போடு தங்குமிடத்து அறையில் இருந்தான், கண் வீங்கியிருந்தது. தாயைப் பார்த்ததும் கைக்குப் பழக்கமான சலாமைக்கூடப் போடவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னையும் மில்லையும் ஒரு பார்வை பார்த்தான். ஏன் கூப்பிட்டீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

அக்கா வலது கையைத் தூக்கினார். பாதியில் நிறுத்தினார். கீழே போட்டார். விரலை மடக்கிப் பார்த்தார், அதுவும் வேண்டாம் என்று விட்டார். ஒரு பெண் பின்னாலிருந்து சிங்களத்தில் ஏதோ கேட்க, இன்னொருத்தி அவளை அதட்டினாள். பிறகு அக்கா ஓர் அடி பின்னால் போய், இரண்டு கைகளையும் அகலமாக விரித்தார். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவருகிற பிள்ளையை அள்ளப் போகிறவள் விரிக்கிற மாதிரி. விரித்தவர் அப்படியே நின்றார். ஓர் இமை ஆடவில்லை. எந்த இடத்தில் படம் நின்றாலும் இனி அதே படம்தான் போகும் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஒரு நிமிடம் போனது. தோட்டத்துக் கொழுந்துக் கூடையையும் மில்லின் சாக்கையும் தூக்கிய கைதான், ஆனாலும் வெறுமனே விரித்துப் பிடிப்பது வேறு. முழங்கை நடுங்கத் தொடங்கியது. அழகமுத்து பின்னால் போய்த் தாங்கப் பார்த்தார். அக்கா தலையைக்கூடத் திருப்பாமல், “தொடாத” என்றார்.

அங்கே சஞ்சீவ் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தான். பார்த்தான். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். வாய் கோணியது. அவனும் இரண்டு கைகளையும் விரித்தான்.

அதற்குப் பிறகு அவன் படத்தில் எதுவும் அசையவில்லை. அக்காவின் முகம் மாறியது. கையை இறக்காமலே என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, படம் நின்னுபோச்சு. பாருங்களேன், நின்னுபோச்சு.”

குனிந்து பார்த்தேன். விரித்த கையோடு சஞ்சீவ் நின்றான். அவனுக்குப் பின்னால், கதவுப் பக்கமிருந்து ஒரு பையன் தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு வந்தான், அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான், தலையைச் சொறிந்துகொண்டு குளிக்கப் போனான்.

“படம் நிக்கலக்கா” என்றேன். “அவன்தான் நிக்கிறான்.”